0.7 சதவீதச் சட்டம் இன்னும் இருக்கிறதா, இல்லையா?

#1 தேம்ஸ்கரை

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஏ லெவல் பாடத்தில் உதவப் போய் நானே மாட்டிக்கொண்டேன். அவளுடைய குறிப்பில் ஒரு பக்கத்தில், நாட்டின் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு அபிவிருத்தி உதவிக்குச் செலவிட வேண்டும் என்று பிரித்தானியாவில் 2015இல் சட்டம் இயற்றினார்கள் என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் 2021 முதல் 0.5 சதவீதம், 2027இல் 0.3 சதவீதம் என்று இருக்கிறது.

"அப்பா, சட்டத்தை நீக்கிவிட்டார்களா?" என்று கேட்டாள். நீக்கியிருப்பார்கள் என்று சும்மா சொல்லிவிட்டேன். பிறகு தேடிப் பார்த்தால், நீக்கவில்லை. அப்படியே இருக்கிறது.

20 மைல் வேக எல்லையில் 24இல் போனதற்கு எனக்கு வீட்டுக்குக் கடிதம் வருகிறது. அரசாங்கம் தன் சட்டத்தில் பாதிக்கும் கீழே போகிறது, யாரும் கடிதம் போடவில்லை. இது எப்படி நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்கப்பிள்ளை

அண்ணா, அந்தச் சட்டத்தில் முதல் மூன்று பிரிவுகளை மட்டும் வாசியுங்கள், ஐந்து நிமிட வேலை.

1ஆம் பிரிவு: 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் 0.7 இலக்கு எட்டப்படுவதை அமைச்சர் உறுதிசெய்ய வேண்டும். 2ஆம் பிரிவு: எட்டாவிட்டால், ஏன் என்று நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்க வேண்டும். பொருளாதார நிலை, அரசின் வரவுசெலவு நிலை, வெளிநாட்டு நிலவரம் என்று காரணம் காட்டலாம். 3ஆம் பிரிவில்தான் சங்கதி இருக்கிறது: முதல் பிரிவின் கடமைக்கு அமைச்சரைப் பதில் சொல்லவைக்க அந்த அறிக்கையைத் தவிர வேறு வழி கிடையாது. நீதிமன்றக் கதவு அங்கேயே சாத்தப்பட்டுவிட்டது.

உங்கள் வேகக் கடிதத்தோடு ஒப்பிட்டால் இப்படி: 24இல் போனீர்கள், 'அவசரமாக இருந்தது' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்கள், கோப்பை மூடிவிட்டார்கள்.

இது அரசாங்கம் கொண்டுவந்த மசோதாகூட அல்ல. மைக்கேல் மூர் என்ற லிபரல் டெமாக்ரட் உறுப்பினரின் தனிநபர் மசோதா. 2015 மார்ச் 26இல் அரச ஒப்புதல் கிடைத்தது, தேர்தலுக்கு ஆறு வாரம் முன்னால். 3ஆம் பிரிவு இல்லாமல் இருந்திருந்தால் இந்த மசோதா அவையைத் தாண்டியிருக்காது என்பது என் ஊகம்.

#3 நைட்பஸ் சாரதி

கோபிக்காமல் கேளுங்கள். எனக்கு அந்தச் சட்டம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எங்கள் பகுதியில் கவுன்சில் வரி ஏறுகிறது, நூலகம் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. அம்மா முழங்கால் அறுவைக்குப் பதினான்கு மாதமாகக் காத்திருக்கிறார். ஃபுட் பேங்க் வாசலில் வரிசை நிற்கிற நாட்டில் ஊருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்.

#4 கணக்கப்பிள்ளை

கோபமே இல்லை, சாரதி. அளவை மட்டும் சொல்கிறேன். நாட்டின் வருமானம் நூறு பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.7 என்பது 70 பென்ஸ். 2024இல் 50 பென்ஸ். 2027இல் 30 பென்ஸ். அது உங்கள் நூலகத்தைத் திறக்காது என்று சொல்ல மாட்டேன், எந்தப் பணமும் எதையோ திறக்கும். ஆனால் 2021இல் 20 பென்ஸ் வெட்டினார்களே, அதற்குப் பிறகு எந்த நூலகம் திறந்தது?

0.7 எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டால்: கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையில் உலக வங்கி அமைத்த குழு 1969இல் சொன்னது, 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச் சபை தீர்மானமாக்கியது. பத்தாண்டின் நடுப்பகுதிக்குள், அதாவது 1975 வாக்கில், பணக்கார நாடுகள் எட்ட வேண்டும் என்று எழுதினார்கள். பிரிட்டன் 1974இல் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது, தேதி சொல்லவில்லை. எட்டியது 2013இல். இந்த இடைவெளியை நான் முதலில் வாசித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

#5 சின்னக்குயில்

கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன 50 பென்ஸிலும் ஒரு ஓட்டை இருக்கிறது.

2022இல் பிரித்தானியா கொடுத்த உதவி 12.8 பில்லியன் பவுண்டு, நூற்றுக்கு 51 பென்ஸ். அதில் 3.7 பில்லியன் இந்த நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. இங்கே வந்த அகதிகளுக்கும் புகலிடம் கேட்டவர்களுக்கும் தங்குமிடம், சாப்பாடு, ஹோட்டல் பில். நூற்றுக்கு 51 பென்ஸில் 15 பென்ஸ் அங்கேயே முடிந்தது. ஒருவர் வந்து முதல் பன்னிரண்டு மாதம் ஆகும் செலவை அபிவிருத்தி உதவிக் கணக்கில் எழுதலாம் என்று பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் விதி அனுமதிக்கிறது. ஆக விதிமீறல் ஒன்றும் இல்லை.

நான் அந்த ஹோட்டல்களில் ஒன்றில் தன்னார்வமாக மொழிபெயர்க்கப் போகிறவள். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உள்துறை அமைச்சின் பில் ஏறினால் எத்தியோப்பியாவில் ஒரு சுகாதாரத் திட்டம் சுருங்கும் என்பது என்ன கணக்கு? ஹோட்டல் விலை பேசுகிறவர் ஒருவர், பணம் இழக்கிறவர் இன்னொருவர்.

#6 நைட்பஸ் சாரதி

ஒரு நிமிடம். ஹோட்டல் பில் 'வெளிநாட்டு' உதவியா? இது எனக்குத் தெரியாது.

#7 மயிலாப்பூர் வாசகன்

சென்னையிலிருந்து ஒரு குரல். எங்கள் பக்கத்தில் இதை வேறு மாதிரிப் பார்ப்போம். 2003 பட்ஜெட்டிலேயே நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங், நிபந்தனையோடு வரும் உதவி வேண்டாம், சின்னச் சின்ன நன்கொடை நாடுகளின் உதவியும் வேண்டாம் என்று அறிவித்தார். பிரணாப் முகர்ஜி மாநிலங்களவையில் பிரிட்டன் உதவியை வேர்க்கடலை என்கிற அளவுக்கு இறக்கிப் பேசினார். 2012 நவம்பரில் பிரிட்டனின் உதவித் துறை அமைச்சர் ஜஸ்டின் கிரீனிங் 2015க்குப் பிறகு இந்தியாவுக்கு நிதியுதவி இல்லை என்றார். ஆனாலும் சந்திரயான் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் லண்டனில் யாராவது 'நம் காசில் நிலாவுக்குப் போகிறார்கள்' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

இந்தியாவே இப்போது கொடுக்கிற நாடு. இலங்கையில் 50,000 வீடு கட்டிக்கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு 0.7 என்று எந்தச் சட்டமும் இல்லை. கொடுக்க நினைத்தால் கொடுக்கிறோம். சட்டம் போட்டுவிட்டு ஏமாற்றுவதைவிட இது தேவலை இல்லையா?

#8 முகமாலைக் காற்று

அந்த வீடு எங்கள் அக்காவுக்குக் கிடைத்தது. 550,000 ரூபாய், கட்டக் கட்டத் தவணையாக வந்தது. அத்திவாரத்துக்கு ஒன்று, சுவர் எழும்ப ஒன்று. குறை சொல்ல மாட்டேன், கூரை இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் மயிலாப்பூர் அண்ணா, 'நினைத்தால் கொடுக்கிறோம்' என்பது கொடுக்கிறவருக்குத்தான் வசதி. வாங்குகிறவர் பக்கத்துக் கதையை இரவு வந்து எழுதுகிறேன், இப்போது வேலை.

#9 கண்டிச்சீமை

பிரித்தானிய உதவி என்றதும் எனக்கு இலங்கையில் மகாவலித் திட்டத்தின் விக்டோரியா அணைதான். அப்பா அங்கே ஸ்டோரில் கணக்கெழுதினார். 122 மீட்டர் உயரம், 210 மெகாவாட். பெரும்பகுதி பிரித்தானிய மானியம், கட்டியதும் பிரித்தானிய நிறுவனங்கள். 1985இல் தாட்சர் வந்து திறந்தார். கொடுத்த காசில் எவ்வளவு சிமெந்துக்கு, எவ்வளவு திரும்ப லண்டனுக்கு என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்பார். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள். வறட்சியில் நீர் இறங்கினால் கோயில் சுவரும் கட்டடங்களும் தெரியும்.

#10 பனங்கொட்டை

மகாவலித் திட்டத்தால் லாபம் யாருக்கு என்று யாரும் கேட்க மாட்டீர்களே. அந்தத் திட்டத்தின் பெயரில் வடக்கு கிழக்கு எல்லையில் நடந்த குடியேற்றங்கள்...

#11 நடுவர்

பனங்கொட்டை, விஷயம் முக்கியம்தான், அதற்குத் தனி இழை இருக்கிறது. தொடர்ச்சியை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே உதவிப் பணம், அதன் சட்டம்.

#12 கணக்கப்பிள்ளை

கண்டிச்சீமையின் அப்பா சிரித்துக்கொண்டு கேட்ட கேள்வியை ஒருமுறை லண்டன் உயர் நீதிமன்றமே கேட்டது. இந்தக் கதை தெரிந்தால் தேம்ஸ்கரை அண்ணாவின் முதல் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைக்கும், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மலேசியாவில், தாய்லாந்து எல்லைப் பக்கம் கிளந்தான் மாநிலத்தில் பெர்காவ் அணை. 1988இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் மலேசியாவோடு ஓர் ஆயுத விற்பனை உடன்பாட்டுக் குறிப்பில் கையெழுத்துப் போடுகிறார். ஆயுதம் வாங்கினால் அதன் மதிப்பில் ஒரு பங்குக்கு உதவி தருகிறோம் என்பது அதில் ஒரு சரத்து. அப்புறம் அணைக்கு 234 மில்லியன் பவுண்டு உதவி வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு சாதித்தார்கள்.

உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லாங்கெஸ்டர். பணத்துக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு அவருடையது. அந்த அணை மின்சாரம் விலை கூடியது, மலேசிய நுகர்வோருக்கே நஷ்டம், இதில் கையெழுத்துப் போட முடியாது என்று 1991இல் எழுத்தில் மறுத்தார். அதிகாரி இப்படி மறுத்தால் அமைச்சர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் போட்டார். 1993இல் தணிக்கை அலுவலக அறிக்கை இதை வெளியே கொண்டுவந்தது. உலக வளர்ச்சி இயக்கம் என்ற ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. 1994 நவம்பரில் தீர்ப்பு: அரசு செய்தது சட்டவிரோதம்.

எந்தச் சட்டப்படி? 1980ஆம் ஆண்டுச் சட்டம். அதில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. எதற்காகக் கொடுக்கலாம் என்று மட்டும் இருந்தது: வளர்ச்சிக்காக. இது வளர்ச்சி இல்லை, ஆகவே செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். 2002 சட்டம் அதை இன்னும் இறுக்கி, வறுமைக் குறைப்புக்காக என்று எழுதியது. அதற்கு முந்தின ஆண்டே 'எங்கள் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும்' என்கிற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள்.

ஆக, காசு எதற்கு என்று சொன்ன சட்டத்தை வைத்து ஒரு தொண்டு அமைப்பு அமைச்சரைக் கூண்டில் ஏற்றியது. காசு எவ்வளவு என்று சொன்ன சட்டத்தை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. 2015இல் ஊர்கூடிக் கைதட்டியது இரண்டாவதற்கு. நானும் தட்டினேன், மறைக்கவில்லை.

#13 தேம்ஸ்கரை

ஐயா, அருமை. ஆனால் 2021இல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்ததாக நினைவு. நீதிமன்றம் இல்லாவிட்டாலும் அவையாவது கேட்டதே?

#14 சின்னக்குயில்

கேட்டது, அண்ணா. கேட்க வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

2020 நவம்பரில் கன்சர்வேட்டிவ் அரசின் நிதியமைச்சர் ரிஷி சுனக் 0.5 என்று அறிவித்தார், 'தற்காலிகம்' என்ற சொல்லோடு. வெளியுறவு அமைச்சில் இருந்த இணையமைச்சர் லிஸ் சக் பதவி விலகினார். முதலில் இதற்குப் புதுச் சட்டம் கொண்டுவருவோம் என்றார்கள், பிறகு அந்தப் பேச்சையே விட்டார்கள். சொந்தக் கட்சியில் எத்தனை பேர் எதிர்ப்பார்கள் என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் ஆண்ட்ரூ மிட்சல் வேறொரு மசோதாவில் திருத்தமாக நுழைக்கப் பார்த்தார். சபாநாயகர் அதை ஏற்கவில்லை, ஆனால் அரசு அவைக்கு வாக்கெடுப்பு தர வேண்டும் என்று கண்டித்தார். 2021 ஜூலை 13: 333க்கு 298. முன்னாள் பிரதமர் தெரசா மே தன் கட்சிக் கொறடாவுக்கு எதிராக முதன்முறை வாக்களித்தது அன்றுதான்.

அதில் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். அன்றாடச் செலவுக்கு அரசு கடன் வாங்காத நிலை வர வேண்டும், அடிப்படைக் கடன் குறைந்துவர வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் 0.7 திரும்பும். 'தற்காலிகம்' அங்கேயே முடிந்தது.

இன்னொன்று, தேதியைக் கவனியுங்கள். வாக்கெடுப்பு ஜூலையில். வெட்டு அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. ஏப்ரலிலேயே ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் கருத்தடைப் பொருட்கள் திட்டத்துக்கு 154 மில்லியன் பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் 23 மில்லியன் என்று சொல்லிவிட்டார்கள். போலியோ ஒழிப்புக்கு 100 மில்லியன் 5 ஆனது. நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவள், ஓர் ஆர்டரை நடு ஆண்டில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கப்பலில் இருக்கும் பெட்டி கப்பலில்தான் இருக்கும், அடுத்த கப்பல் வராது.

#15 முகமாலைக் காற்று

சொன்னபடி வந்துவிட்டேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவன். எங்கள் குழுவுக்குப் பல நாட்டுக் காசு வந்தது. எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம். மாசி பிறந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், அடுத்த வருடக் காசு வருமா என்று. மேலாளரும் பாவம், அவருக்கும் தெரியாது. ஒரு முறை ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது சொன்னார்கள், பாதிக் குழுவுக்குத்தான் காசு.

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஒரு மீட்டர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து, கருவி சத்தம் போட்டால் கையால் மண்ணைச் சுரண்டி, சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் போகவேண்டும். முடித்த இடத்துக்கும் முடிக்காத இடத்துக்கும் நடுவே கட்டை நட்டு அடையாளம் வைப்போம். குழு நின்றால் அந்தக் கட்டை அங்கேயே நிற்கும். மழை வரும், புல் மூடும், மாடு இடறும், யாராவது விறகுக்குப் பிடுங்குவார்கள். எட்டு மாதம் கழித்துக் காசு வந்து திரும்பப் போனால், எங்கே விட்டோம் என்று கண்டுபிடிக்கவே நாட்கள் போகும். பயிற்சி பெற்ற பெண்கள் அதற்குள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் அநேகர் குடும்பத்தைத் தனியாக இழுத்தவர்கள், எட்டு மாதம் எப்படிக் காத்திருப்பார்கள்? புது ஆட்களுக்கு முதலிலிருந்து பயிற்சி.

இலங்கை மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 மார்கழியில் சேர்ந்தது. 2028 ஆனிக்குள் முழுதும் துப்புரவாக்க வேண்டும். அந்தத் தேதி எங்களுக்கு இருக்கிறது. காசு கொடுக்கிறவர்களுக்குத் தேதி இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், 0.7 பெரிதா 0.5 பெரிதா என்று நாங்கள் கேட்டதே இல்லை. வருகிற காசு குறைவாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு உறுதியாக வந்தால் போதும், அதற்கேற்பக் குழுவைச் சின்னதாக வைத்து வேலையை முடித்திருப்போம். மயிலாப்பூர் அண்ணா, நினைத்தபோது கொடுப்பதும் சட்டம் போட்டு நினைத்தபோது நிறுத்துவதும் கட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு ஒன்றுதான்.

#16 மயிலாப்பூர் வாசகன்

ஏற்றுக்கொள்கிறேன், தம்பி. நான் எழுதியது கொஞ்சம் மெத்தனமாகத்தான் இருந்தது.

#17 நைட்பஸ் சாரதி

முகமாலைத் தம்பி எழுதியதை இடைவேளையில் பஸ்ஸுக்குள் இருந்து வாசித்தேன். நான் நினைத்த 'வெளிநாட்டு உதவி' வேறு, நீங்கள் சொல்வது வேறு. இருந்தாலும் என் கேள்வி மாறவில்லை. இப்போது 0.3க்கு இறக்குவது ராணுவத்துக்காகத்தானே? ரஷ்யா பக்கத்தில் சண்டை நடக்கும்போது பாதுகாப்புக்குக் காசு வேண்டாம் என்று யார் சொல்வது?

#18 கணக்கப்பிள்ளை

யாரும் சொல்லவில்லை, சாரதி. 2025 பிப்ரவரி 25இல் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார்: 2027இல் பாதுகாப்புக்கு 2.5 சதவீதம், அதற்கான பணம் உதவி நிதியிலிருந்து, உதவி 0.3க்கு இறங்கும். மூன்று நாளில் வளர்ச்சி அமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதை அவர் எதிர்க்கவே இல்லை. முழுப் பாரத்தையும் இந்த ஒரே பெட்டியின் மேல் ஏற்றியதைத்தான் எதிர்த்தார். சூடான், காசா, உக்ரைனுக்கு உதவி தொடரும் என்று பிரதமர் சொன்னது இந்தப் பணத்தில் நடக்காது என்பது டாட்ஸின் கணக்கு.

நிதிநிலை இடம் கொடுத்ததும் 0.7க்குத் திரும்புவோம் என்று ஸ்டார்மரின் லேபர் கட்சி தேர்தல் அறிக்கையில் எழுதி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் ஆளுக்கொரு முறை வெட்டிவிட்டதால் இனி ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவும் முடியாது.

சுற்றிலும் இதே காற்றுதான். 2024இல் 0.7க்கு மேல் இருந்தவை நான்கே நாடுகள்: நார்வே, லக்ஸம்பர்க், ஸ்வீடன், டென்மார்க். அமெரிக்காவில் 1961இல் கென்னடி தொடங்கிய யூ.எஸ்.எய்டு என்ற அரசு உதவி நிறுவனம் 2025 ஜூலை 1 முதல் வேலையை நிறுத்திவிட்டது. சட்டம் எதையும் அங்கே தொடவேண்டிய அவசியமே வரவில்லை என்பதுபோல் நடந்தார்கள்.

#19 தேம்ஸ்கரை

மகளுக்கு இந்த இழையைக் காட்டினேன். அவள் கேட்டது: "0.3இலும் ஹோட்டல் பில் கழியுமா?"

#20 சின்னக்குயில்

கழியும், விதி மாறவில்லை. 2024இல் அந்தச் செலவு 2.8 பில்லியன், மொத்த உதவியில் ஐந்தில் ஒரு பங்கு. 2027இன் 0.3 சதவீதம் ஏறக்குறைய 9.2 பில்லியன் வரும் என்கிறார்கள். ஹோட்டல் செலவு அதே 2.8இல் நின்றால் பத்தில் மூன்று பங்கு போய்விடும். 2029க்குள் ஹோட்டல்களை முடிப்போம் என்று அரசு சொல்லியிருக்கிறது, அப்படி நடந்தால் குறையும்.

#21 நைட்பஸ் சாரதி

நூறு பவுண்டுக்கு 30 பென்ஸ், அதில் 9 பென்ஸ் இங்கேயே. மிச்சம் 21. சரி, இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தால் முதலில் அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டேன். அம்மாவின் முழங்காலுக்கு வேறு யாரையாவதுதான் திட்ட வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் எங்கே, எப்போது வெளியிடுகிறார்கள்?

#22 கணக்கப்பிள்ளை

அரசின் இணையதளத்திலேயே. வசந்தத்தில் முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கு, இலையுதிர் காலத்தில் இறுதிக் கணக்கு. அகதிச் செலவு தனி வரியாக இருக்கும். 2ஆம் பிரிவு அறிக்கை தனியாக அவையில் வைக்கப்படும், ஒன்றிரண்டு பக்கம்தான். தேம்ஸ்கரை அண்ணா, அதையும் மகளுக்குக் கொடுங்கள்.

#23 தேம்ஸ்கரை

கொடுக்கிறேன், ஐயா. சனிக்கிழமை எங்கள் எம்.பி. மக்களைச் சந்திக்கும் நேரம், பெயர் பதிந்திருக்கிறேன். 2027க்கான அந்த ஒன்றிரண்டு பக்கத்தில் என்ன காரணம் எழுதப்போகிறார்கள் என்று மட்டும் கேட்பேன். முகமாலைத் தம்பி, உங்கள் பதிவை அச்சடித்து எடுத்துப் போகலாமா?

#24 முகமாலைக் காற்று

தாராளமாக, அண்ணா. பெயர் மட்டும் வேண்டாம்.